கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்காட்லாந்தின் பாறைகளும் பாழடைந்த கோட்டைகளும்

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறங்களில் உள்ள பழங்கோட்டைகள், பாறைச் செதுக்கல்கள், இடிந்த அரண்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: கிராமப்புறத்துக்கு எங்களால் இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும். கோட்டை, பாறைச் செதுக்கல் இரண்டையும் ஒரே பகுதியில் பார்க்க எங்கே போகலாம்?

மேற்குக் கரையில் ஆர்கைல் பகுதியிலுள்ள கில்மார்ட்டின் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வேறு இடத்தை யோசிக்கவே வேண்டாம். கிளாஸ்கோவிலிருந்து லாக்கில்ப்ஹெட் ஊர் சாலை வழியாக ஏறக்குறைய 140 கி.மீ. அங்கிருந்து வடக்கே இன்னும் 13 கி.மீ. போனால் கில்மார்ட்டின் கிராமம்.

முதல் நாள் பள்ளத்தாக்கின் தரையிலுள்ள ஈமக்கற்குவைகளைப் பாருங்கள். ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. நெதர் லார்ஜி வடக்குக் குவையின் உச்சியில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே உள்ளே இறங்கினால், கல்லறைப் பெட்டியின் மூடுகல்லில் வெண்கலக் காலக் கோடரி வடிவங்களையும், கிண்ணக்குழிகள் எனப்படும் சிறு வட்டப் பள்ளங்களையும் காணலாம். டார்ச் இல்லாமல் இறங்குவதில் பயனில்லை. அருகிலுள்ள டன்க்ரைகேக் குவையில், ஒரு மூடுகல்லின் அடிப்புறத்தில் கொம்புள்ள மான்கள் செதுக்கப்பட்டிருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்டது. 4,000 முதல் 5,000 ஆண்டுகள் பழைய விலங்குச் செதுக்கல் ஸ்காட்லாந்தில் கிடைத்தது அதுவே முதல்முறை. அதுவரை அங்கே குழியும் வளையமும் மட்டும்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் குழியும் வளையமும் செதுக்கிய அக்னபிரெக் பாறைகள், மாலையில் டனாட் குன்று. டனாட் சதுப்பு நிலத்தின் நடுவே தனியாக எழுந்து நிற்கும் பாறைக்குன்று. டால் ரியாடா என்ற கேலிக் அரசின் தலைமையிடம். கி.பி. 736-இல், வடக்கு, கிழக்கு ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின் மன்னன் ஓங்கஸ் இதைக் கைப்பற்றினான் என்று அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் ஒரு பாதத்தடம், ஒரு காட்டுப்பன்றி உருவம், ஓகம் என்ற பழைய கோட்டெழுத்தில் ஒரு பொறிப்பு ஆகியவை உண்டு. அரசர்கள் பதவி ஏற்கும்போது அந்தத் தடத்தில் கால் வைத்தார்கள் என்பது பொதுவான கருத்து. இப்போது நீங்கள் கால் வைப்பது அசல் பாறையின் மேல் பொருத்தப்பட்ட பிரதியில்தான். அதில் ஏமாற்றம் வேண்டாம், அசல் அதற்கு அடியிலேயே பத்திரமாக இருக்கிறது. ஏறுவதற்கு அரைமணி நேரம் போதும். ஆனால் மழைக்குப் பிறகு படிப்பாறைகள் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும்.

கேள்வி: பாறைச் செதுக்கல்களை நண்பகலில் போய்ப் பார்த்தோம். தகவல் பலகையில் அத்தனை வளையங்கள்; பாறையிலோ ஒன்றுமே தெரியவில்லை. தேய்ந்து போய்விட்டதா?

தேயவில்லை. நீங்கள் போன நேரம்தான் தவறு.

இந்தச் செதுக்கல்களின் ஆழம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், பல வளையங்கள் அதற்கும் குறைவு. வெயில் தலைக்கு மேல் இருந்தால் அந்தப் பள்ளத்தில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் உருவமும் இல்லை. அதனால் வெளிச்சம் பாறையை ஒட்டிச் சாய்வாக வர வேண்டும். காலையில் சூரியன் எழுந்த ஒன்றரை மணி நேரமும், மாலையில் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் தோதானவை. இன்னொரு வழி, குளிர்காலத்தில் போவது. அந்த அட்சரேகையில் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 10, 11 பாகைக்கு மேல் ஏறாது. ஜூனிலோ 57 பாகை வரை ஏறிவிடும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், ஆனால் வானம் தெளிந்தால் அந்த ஏழு மணி நேரமும் செதுக்கல் பார்க்க ஏற்ற வெளிச்சம்.

மேகமூட்டமாக இருந்தால் டார்ச்தான் வழி. பலரும் டார்ச்சை மேலிருந்து பிடிக்கிறார்கள்; அது நண்பகல் வெயிலையே திரும்பக் கொண்டுவருவது. பாறை மட்டத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். மிக அருகில் பிடித்தால் பக்கத்துப் பகுதி வெளிறிப்போய், தூரத்துப் பகுதி இருட்டாகிவிடும். பகல் வெளிச்சம் பலமாக இருந்தால் ஒருவர் கறுப்புக் குடையோ தடித்த போர்வையோ விரித்து மறைக்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஒரு கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ, வெளிச்சமும் அதே திசையில் ஓடினால் அந்தக் கோட்டுக்கு நிழலே விழாது. வளையம் பாதியில் அறுந்தது போலத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவே டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, இடத்தை மாற்றாமல் நான்கு படம் எடுத்து வையுங்கள். ஒரு படத்தில் காணாமல் போன கோடு இன்னொன்றில் எழுந்து நிற்கும். கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மழை விட்ட உடனே போவதும் நல்லது. கிண்ணக்குழிகளில் தண்ணீர் தேங்கி அவை தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

படங்களை இணைத்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்ய விரும்புகிறவர்களுக்கு முறையே தலைகீழ். அதற்கு நிழலே கூடாது. மேகமூட்டமான நாளில், ஜூமை மாற்றாமல், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன் மேல் ஒன்று விழும்படி எடுங்கள். இரண்டு மீட்டர் பாறைக்கு 60 முதல் 100 படம் தேவைப்படும். ஓர் அளவுகோலைப் பாறையின் ஓரத்தில் வைத்து, கடைசிப் படம் வரை அதை நகர்த்தாதீர்கள். நடுவில் நகர்ந்துவிட்டால் மென்பொருள் குழம்பி, பாறை இரண்டாகப் பிளந்தது போல மாதிரி வரும்.

கேள்வி: இயற்கையாக விழுந்த பள்ளத்தையும் மனிதர் செதுக்கிய கிண்ணக்குழியையும் எப்படிப் பிரித்தறிவது?

வடிவத்தைப் பாருங்கள். செதுக்கிய குழி வட்டமாக, அடி உருண்டு, கிண்ணம் போல் இருக்கும். விட்டம் வழக்கமாக 3 முதல் 10 சென்டிமீட்டர். இயற்கைப் பள்ளம் ஒழுங்கற்றது. பாறையின் படிவ வரியையோ விரிசலையோ ஒட்டியே வரிசை போடும், ஓரம் கூராகவோ அரித்த மாதிரியோ இருக்கும். குழியைச் சுற்றி வளையம் இருந்தால் சந்தேகமே இல்லை. குழியிலிருந்து வெளியே ஓடும் வாய்க்கால் போன்ற கோடும் நல்ல அடையாளம்.

செதுக்கியவர்கள் உலோகம் பயன்படுத்தவில்லை. கல்லால் கல்லைக் கொத்தினார்கள். டார்ப்லாரன் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், செதுக்கிய பாறையின் அருகிலேயே குவார்ட்ஸ் சுத்தியல் கற்கள் கிடைத்தன. அதனால் சிதையாத பரப்பில் சின்னச் சின்னக் கொத்துத் தழும்புகளை இன்றும் பார்க்கலாம். அவை தெரிந்தால் அது மனிதன் கை பட்ட இடம்தான். தனியாக ஒரே ஒரு குழி, தழும்பும் இல்லை என்றால் அனுபவசாலிகளே முடிவு சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்களும் விட்டுவிடலாம்.

கேள்வி: பாசியைச் சுரண்டிவிட்டு, கோடுகளில் சாக்பீஸ் பூசிப் படம் எடுத்தால் தெளிவாக வருமே? மழையில் கரைந்துதானே போகும்?

தயவுசெய்து வேண்டாம். தாளை விரித்து மெழுகுக் குச்சியால் தேய்த்து அச்செடுப்பதும் வேண்டாம், கம்பித் தூரிகையும் வேண்டாம்.

பாசியும் பாறைப்படர் காளானும் கல்லின் துகள்களுக்குள் நுண்ணிய வேர் போன்ற இழைகளை விட்டிருக்கும். பிய்த்தால் துகளும் சேர்ந்து வரும். கொத்துத் தழும்புகள் இருப்பது அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேற்தோலில்தான். 5,000 ஆண்டு தாங்கியதை ஐந்து நிமிடத்தில் உரித்துவிட்டோம் என்றால் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. புல்மூடிய பாறையைத் தோண்டித் திறப்பதும் அதே தவறுதான். மண்ணுக்கு அடியில் ஈரமும் வெப்பமும் நிலையாக இருக்கும். திறந்ததும் கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் புகுந்து, உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

சாக்பீஸில் இன்னொரு கெடுதலும் உண்டு. நீங்கள் பூசும் கோடு, நீங்கள் பார்த்ததாக நினைக்கும் கோடு. அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தைத்தான் பார்ப்பார், பாறையை அல்ல. கிளைட்பேங்க் அருகேயுள்ள காக்னோ கல்லின் கதை இதற்குப் பாடம். 13 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறையில் 1937-இல் லூடோவிக் மான் என்ற ஆர்வலர் செதுக்கல்களுக்கு எண்ணெய் வண்ணம் பூசி, தன் கொள்கைப்படி கட்டங்களும் வரைந்தார். பிறகு வந்தவர்கள் தங்கள் பெயர்களைக் கீறினார்கள். வேறு வழியின்றி 1965-இல் பாறை முழுவதையும் மண்ணிட்டு மூடினார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் முழுதாகத் திறந்து, டிஜிட்டல் பதிவு செய்து, மீண்டும் மூடிவிட்டார்கள். இன்று அங்கே போனால் புல்தரைதான்.

விழுந்த இலையைக் கையால் ஒதுக்கலாம், வெறும் தண்ணீர் தெளிக்கலாம். அவ்வளவு போதும்.

கேள்வி: சில மலைக்கோட்டைகளின் மதில் கண்ணாடி போல உருகியிருக்கிறதாம். கல் எப்படி உருகும்?

உண்மைதான். ஆபர்டீன்ஷயரின் டாப் ஓ நோத், இன்வெர்னஸ் அருகே கிரெய்க் ஃபாட்ரிக், கிளென் நெவிஸில் டன் டியர்டெயில், ஆங்கஸில் ஃபினாவன் என்று இப்படிப் பல உண்டு. ஜான் வில்லியம்ஸ் என்பவர் 1777-இலேயே இவற்றைப் பற்றி எழுதி வெளியிட்டார். எரிமலை என்றார்கள், இடி என்றார்கள், மதிலை உறுதியாக்க வேண்டுமென்றே உருக்கினார்கள் என்றார்கள். உறுதியாக்க என்ற விளக்கம் நிற்காது. உருகல் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது, உருகிய மதில் உள்ளே இற்றுச் சரிந்துவிடுகிறது.

சூட்சுமம் மதிலின் கட்டுமானத்தில் இருக்கிறது. வெறும் கல்லை அடுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களை வைத்து இடையில் கல்லை நிரப்பினார்கள். அப்படிப்பட்ட மதிலில் தீப்பிடித்தால், மரம் எரிந்து போன இடம் புகைபோக்கி போலாகிவிடும். காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி 850 பாகை செல்சியஸுக்கு மேல், சில இடங்களில் 1,000-ஐயும் தாண்டும். பாறையிலுள்ள கனிமங்களைப் பொறுத்து, அந்தச் சூட்டில் ஒரு பகுதி இளகிக் குழம்பாகி, ஆறும்போது குமிழ் நிறைந்த கண்ணாடிக் கட்டியாகிவிடும். தொல்லியலாளர் கார்டன் சைல்டும் வாலஸ் தார்னிகிராஃப்டும் 1937-இல் மரம் கோத்த ஒரு மாதிரிச் சுவரைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள், கல் உருகியது. 1980-இல் ஆபர்டீனில் இயன் ரால்ஸ்டன் இன்னும் பெரிய சுவரை எரித்தபோது, வண்டி வண்டியாக விறகு போட்டும் சிறிதளவே உருகியது. இந்த இரண்டாவது சோதனைதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. தற்செயல் தீயால் ஒரு முழுக் கோட்டை இப்படி ஆகாது. யாரோ விறகு கொண்டுவந்து போட்டு, மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் எரித்திருக்க வேண்டும். மலையுச்சியில் எரியும் கோட்டை சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். வென்றவர்கள் அதைத்தான் விரும்பினார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

பார்க்க டாப் ஓ நோத்தைத்தான் பரிந்துரைக்கிறோம். உயரம் 563 மீட்டர். ரைனி கிராமத்துக்கு அருகிலிருந்து பாதை தொடங்குகிறது, ஏற ஒன்றரை மணி நேரம் வையுங்கள். உச்சியில் உருகிய மதில். அதற்குக் கீழே சரிவில் வெளிமதில் ஒன்று. அதற்குள் 800-க்கும் மேற்பட்ட குடிசைத் தளங்கள் இருப்பதாக ஆபர்டீன் பல்கலைக்கழகம் 2020-இல் அறிவித்தது, காலம் கி.பி. 3 முதல் 6-ஆம் நூற்றாண்டு. உச்சிக்கோட்டை அதைவிட மிகப் பழையது, இரண்டையும் ஒரே காலத்தவை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். உருகிய கட்டி ஒன்றை நினைவுக்காகப் பையில் போடுவது குற்றம்.

கேள்வி: பிராக் எனப்படும் இரும்புக் கால வட்டக் கற்கோபுரங்கள் சாந்தே இல்லாமல் எப்படி நின்றன?

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டச் சுவர்கள். இரண்டுக்கும் இடையில் இடைவெளி. அதில் படிக்கட்டு சுற்றிச்சுற்றி மேலே போகும். குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை பட்டைக்கற்களைக் குறுக்கே பாலமாக வைத்து இரு சுவர்களையும் பிணைத்தார்கள். அதனால் திண்ணிய சுவரைவிடக் குறைந்த கல்லில் அதிக உயரம் கிடைத்தது. வெளிச்சுவர் மேலே போகப்போக உள்நோக்கிச் சாயும். ஷெட்லாந்தின் மூசா இன்றும் ஏறக்குறைய 13 மீட்டர் உயரம் நிற்கிறது. 2,000 ஆண்டுக்கு மேல் பழையது, படகில்தான் போக முடியும், படிக்கட்டில் ஏறலாம்.

தீவுக்குப் போக நேரமில்லாதவர்கள் கிளெனெல்கில் டன் டெல்வ், டன் டிராடன் இரண்டையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று நடக்கும் தூரம்தான். பாதி வட்டம் இடிந்திருப்பதால் உள்கட்டமைப்பு வெட்டிக்காட்டியது போலத் தெரியும். 1722-இல் அருகே ராணுவக் குடியிருப்பு கட்டியபோது இங்கிருந்து கல்லைப் பெயர்த்தார்கள். சாந்தில்லாச் சுவரில் ஒவ்வொரு கல்லும் மேலுள்ள பாரத்தால்தான் பிடித்து நிற்கிறது. சுவர் மேல் ஏறி ஒரு கல்லை அசைத்தாலும் பக்கத்துக் கற்கள் தளரும்.

கேள்வி: தகவல் பலகை இல்லாத இடங்களை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் தொன்மைச் சின்னங்களின் பெயர்களைப் பழைய கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தைக் கண்ணால் தேடினாலே போதும். ஆரஞ்சு அட்டையுள்ள எக்ஸ்ப்ளோரர் வாங்குங்கள். 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வயல் வேலிகள் அதில்தான் உண்டு. இளஞ்சிவப்பு அட்டையுள்ள லேண்ட்ரேஞ்சரில் வேலி தெரியாது, வழி தவறிவிடும்.

வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சுட்டும் கட்டக் குறியீட்டில் இரண்டு எழுத்துக்குப் பின் ஆறு இலக்கம் இருந்தால் 100 மீட்டர் சதுரம் வரை, எட்டு இலக்கம் இருந்தால் 10 மீட்டர் வரை துல்லியம். பெரணி மண்டிய சரிவில் ஒரு பாறையைத் தேட ஆறு இலக்கம் உதவாது. கிளம்பும் முன் தொன்மைச் சின்னங்களின் பதிவான டுரோவ் ஸ்காட் (trove.scot) இணையத்தரவில் எட்டு அல்லது பத்து இலக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேமோர் என்ற பழைய தரவுதளத்துக்குப் பதிலாக 2025-இல் வந்தது அது. ஊர்ப்பெயர்களும் வழிகாட்டும்: கேலிக்கில் டன் என்றால் கோட்டை, கார்ன் என்றால் கற்குவை. பிட்லாக்ரி போல 'பிட்' என்று தொடங்கும் ஊர்கள் பிக்ட் மக்கள் வாழ்ந்த நிலப்பகுதியைச் சுட்டுபவை.

கேள்வி: தனியார் நிலத்தில் இருக்கும் கோட்டைக்கு அனுமதி கேட்க வேண்டுமா? டிரோன், உலோகத் துழாவி (மெட்டல் டிடெக்டர்) கொண்டுபோகலாமா?

நடந்து போக அனுமதி வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்பவர் எவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. வீடும் அதன் தோட்டமும், பயிர் நிற்கும் வயல், கட்டணம் வசூலிக்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். ஏப்ரல், மே ஆட்டுக்குட்டி ஈனும் காலம். நாயைக் கொண்டு போகாதீர்கள். கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் மான் வேட்டை நடக்கும், பண்ணையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் உலோகத் துழாவியை இயக்குவது, தொன்மைச் சின்னங்களுக்கான அரசு நிறுவனமான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் எழுத்து அனுமதி இல்லாவிட்டால் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நிறுவனம் பராமரிக்கும் இடங்களில் டிரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். கூடாரம் போடுவதும் நெருப்பு மூட்டுவதும் கோட்டைக்குள் வேண்டாம்: கூடார முளையும் தீயும் ஒரு முழம் ஆழத்துக்குள் இருக்கும் தொல்லியல் அடுக்கைக் கெடுத்துவிடும்.

கேள்வி: நடக்கும்போது பழைய உலோகப் பொருள் ஏதாவது கண்ணில் பட்டால்?

எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, கட்டக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, நில உரிமையாளருக்கும் கண்டெடுத்த பழம்பொருள்களைக் கவனிக்கும், எடின்பரோவிலுள்ள டிரெஷர் டிரோவ் பிரிவுக்கும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் போல் சில வகைப் பொருள்கள் மட்டும் என்ற வரையறை ஸ்காட்லாந்தில் இல்லை. மண்ணிலிருந்து வரும் பழம்பொருள் எதுவானாலும் அரசுக்கே சொந்தம். கண்டெடுத்தவருக்குச் சன்மானம் கிடைக்கலாம். 2014-இல் கிடைத்த கேலோவே புதையலுக்கு 19.8 லட்சம் பவுண்டு தரப்பட்டது.

கேள்வி: ஆசையாய்ப் போன கோட்டையில் பாதியைக் கம்பி வேலி போட்டு அடைத்திருந்தார்கள். ஏன்?

இடைக்காலக் கோட்டைச் சுவர் இரண்டு முகக்கல் வரிசைகளும், நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கொட்டிய கற்சில்லுகளும் கொண்டது. கூரை போனபின் சுவரின் தலை திறந்து கிடக்கும். மழை அந்தத் தலைவழியாக இறங்கி, நடுவிலுள்ள சாந்தைக் கரைத்து வெளியே கொண்டுபோய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் திடமாகத் தெரியும், உள்ளே பொள்ளல். இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களில் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியது நிலைமையை இன்னும் கெடுத்தது. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உறைந்து, முகக்கல்லையே பிளக்கும். மழை கூடி வருவதால் இந்தச் சிதைவு வேகமெடுத்திருக்கிறது. 2021 முதல் பல கோட்டைகளில் உயரத்துக் கட்டுமானங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் போய்ச் சோதிக்கிறார்கள். சோதனை முடியும்வரை வேலி இருக்கும். சரிசெய்வதற்குச் சிறந்த முறைகளில் ஒன்று மிக எளியது: சுவரின் தலையில் மண்ணும் புல்லும் பரப்புவது. புல் ஈரத்தை உறிஞ்சி, உறைபனியிலிருந்தும் காக்கும்.

போகும் முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். லாக் ஆவ் கரையிலுள்ள கில்கர்ன் கோட்டைக்கு ஏரி நிரம்பினால் போகமுடியாது, குளிர்காலத்தில் உள்ளே திறப்பதும் இல்லை. 1760-இல் இடி விழுந்து உடைந்த கோபுரத் துண்டு ஒன்று அதன் முற்றத்தில் தலைகீழாகக் கிடப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள். டியோரம் கோட்டைக்குக் கடல் வற்றும்போது மணல்வழியே நடந்து போகலாம். உள்ளே அனுமதி இல்லை, வெளியே சுற்றிவரலாம். ஓதம் ஏறும் நேரத்தைப் பார்க்காமல் போனால் தீவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். உறைபனி விட்டு வெயில் வந்த நாள்களில்தான் கல் விழுவது அதிகம்; அன்று சுவரின் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

கேள்வி: பிக்ட் மக்கள் உருவங்கள் செதுக்கி நிறுத்திய சின்னக்கற்களைப் பார்க்க ஜனவரியில் அபர்லெம்னோ போகலாமா?

வேண்டாம். உறைபனியிலிருந்து காக்க அங்குள்ள கற்களை இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை மரப்பெட்டியால் மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போவதென்றால் ஃபாரஸில் 6.5 மீட்டர் உயரமுள்ள சுவேனோ கல் கண்ணாடிக்கூண்டுக்குள் எப்போதும் நிற்கும். மாலை இருட்டியபின் போங்கள். பகலில் கண்ணாடியில் வானம்தான் பிரதிபலிக்கும்.

கேள்வி: பாறைச் செதுக்கல்களுக்கு எந்த மாதம்?

மார்ச் கடைசி, ஏப்ரல். அல்லது அக்டோபர் பிற்பகுதி, நவம்பர். ஜூன் முதல் பெரணி இடுப்பளவு வளர்ந்து பாறையையே மூடிவிடும். மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு, அதோடு உண்ணி. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவில் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெய் தடவாமல், அதற்கான கொக்கியாலோ நுனி கூரான இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் படர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.